நடுரோட்டு நீர்மாலை

சாத்தன்கரை ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் மாநில நெடுஞ்சாலை போகிறது, நாலு தடம், நடுவில் அரளிச் செடி, இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு, எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரியான சாலைதான், அதில் போகிற லாரிக்காரனுக்கு எங்கள் ஊர் கண்ணில் பட்டு மறைகிற ஒரு வேகத்தடை, அவ்வளவுதான். ஆனால் சாத்தன்கரைக்காரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இந்த ஓரத்தில் கால் வைத்தால் அந்த ஓரம் போய்ச் சேர முன்பெல்லாம் ஒரு பீடி பிடிக்கிற நேரம் ஆனது, பிறகு ஒரு காலைப்பொழுது ஆனது, பிறகு ஒரு முழுப் பகல் ஆனது, இப்போது எவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்வதில்லை, சொன்னவன் வாயை மூடுவதற்குள் அது கூடிவிடுகிறது.

நீளத்தில் அல்ல, அகலத்தில் கூடியது. அதுவும் பார்வைக்குக் கூடவில்லை. இந்த ஓரத்தில் நின்று பார்த்தால் அந்த ஓரத்தில் நிற்கிறவர் முகம் தெரியும், அவர் போட்டிருக்கிற சட்டையின் நிறம் தெரியும், அதற்குப் பின்னால் ஆறு தெரியும், படித்துறை தெரியும், சுடுகாட்டுக் கொட்டகையின் தகரம் வெயிலில் மின்னுவது தெரியும். நடக்க ஆரம்பித்தால்தான் விரியும்.

சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் இரண்டு தெருக்களில் ஒன்று அப்படியே தாருக்கு அடியில் போய்விட்டது, அதற்கு அழுது முடித்த பிறகுதான் இது தொடங்கியது, முதலில் கண்டுபிடித்தது பெண்கள். ஆற்றில் தலை குளித்துவிட்டு வந்தால் வீட்டில் வந்துதான் கூந்தலைத் தட்டி உலர்த்துவார்கள், அது ரோட்டிலேயே உலர்ந்துபோனது, துவைத்த துணி தோளிலேயே காய்ந்து விறைத்தது, நிறைகுடம் வீடு வருவதற்குள் முக்கால் குடமானது. "ஆத்தங்கரையில உக்காந்து ஊர்க்கதை பேசிட்டு ரோட்டு மேல பழி போடுதாளுவ" என்று ஆண்கள் சிரித்தார்கள். ஒயின்ஷாப்பும் அந்தப் பக்கம்தான் இருந்தது. வேலை முடிந்து கிளம்பியவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடை அடைத்திருந்தது, மறுநாள் இன்னும் சீக்கிரம் கிளம்பியும் அடைத்திருந்தது, அதன் பிறகு ஆண்களும் நம்பினார்கள்.

நம்பிய பிறகு பழகிக்கொள்வதற்கு எத்தனை நேரம் ஆகும்? ஆற்றுக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டினார்கள், குடை எடுத்தார்கள். பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் என்பதால் பிள்ளைகள் திங்கட்கிழமை கடந்துபோய் அங்கேயே சத்திரத்தில் தங்குகிற மாதிரி தங்கிப் படித்தார்கள். யு-டர்ன் போட்டுச் சுற்றிப் போகலாமே என்று பைக்கை எடுத்தவர்கள் எங்கே திரும்பினாலும் இதே ஓரத்துக்குத்தான் வந்து நின்றார்கள், சாலையோடு போவதற்கு வண்டி உதவியது, சாலையைத் தாண்டுவதற்கு உதவவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள், "பொண்ணு ரோட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று முதல் கேள்வியாகக் கேட்டார்கள். மனுக் கொடுத்ததற்கு ஓர் என்ஜினீயர் வந்தார், அந்த ஓரத்தில் ஓர் ஆளை நிறுத்தி டேப்பைப் பிடிக்கச் சொல்லி அளந்தார், அகலம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர் அளந்தார், கடக்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எந்தச் சாலையையும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இந்தச் சாலைக்கு ஒரு குணம் இருந்தது, அதை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் நம்பிராசன். அவர் மனைவிக்குக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்க அந்தப் பக்கம் போனார். மாத்திரையோடு திரும்பி நடுவில் அரளிச் செடிகள் வரைக்கும் வந்துவிட்டார். எதிரே வந்த ஒருவர், "உங்க வீட்டுல எந்திரிச்சு நடமாடுதாங்களே, காச்சல் சுக்குக் கசாயத்துலயே கேட்டுட்டு" என்று நல்ல செய்தி சொன்னார். சொன்ன இடத்திலேயே நம்பிராசனுக்குக் கால் நின்றுவிட்டது. எடுத்து வைத்தால் வைத்த இடத்திலேயே விழுந்தது. வந்த வேலை, எங்கள் பேச்சில் சோலி, தீர்ந்துபோனவனை இந்தச் சாலை கரை சேர்ப்பதில்லை. அவரும் எத்தனை நாள் நின்றுகொண்டே இருப்பார், அரளிகளுக்கு நடுவில் ஒரு டீக்கடை போட்டுவிட்டார். அவர் மனைவி தினமும் இந்த ஓரத்தில் வந்து நின்று அவருடைய அடுப்புப் புகையைப் பார்த்துவிட்டுப் போவாள், "இன்னைக்கு நேரத்தோட கடையத் தொறந்துட்டாவ" என்று பக்கத்து வீட்டில் சொல்லுவாள்.

இந்த நிலைமையில்தான் கார்த்திகைக் கடைசியில் பலவேசம் செத்துப்போனார்.

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் வரப்பில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மனைவி வண்டிமலைச்சி, ஒரே மகன் சொரிமுத்து, கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலை, செய்தி கேட்டு அடுத்த நாள் காலையில் வந்து இறங்கினான். எங்கள் பக்கத்தில் பிணத்தைக் குளிப்பாட்டக் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஆகாது, மகனும் பங்காளிகளும் ஆற்றுக்குப் போய் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு குடத்தில் தண்ணீர் மோந்து, குடத்தின் வாயில் தேங்காய் வைத்து, தலைக்கு மேல் நாலு முனையிலும் ஆள் பிடித்த வெள்ளைத் துணியின் நிழலில், சங்கும் கொட்டும் முன்னால் போக, அந்தத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பெயர் நீர்மாலை, அது வந்து ஊற்றினால்தான் செத்தவன் வீட்டை விட்டுக் கிளம்புவான். அது வரைக்கும் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது.

"சாயங்காலத்துக்குள்ள வந்துருவேம்மா" என்று சொரிமுத்து சொன்னான். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, கட்டுச்சோறு கூட இல்லாமல் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பங்காளிகளோடு போனான். அன்றைக்கு யாருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை, அதுதான் நாங்கள் செய்த தப்பு. வழக்கம் எப்படியோ அப்படியே எல்லாரையும் அனுப்பிவிட்டோம், அவன் ஊரில் இல்லாத நாளில் சாலை இன்னும் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அவனிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

போகும்போது நாலு நாள் ஆயிற்று. ஆற்றில் அவர்கள் முங்கி எழுவதை இந்த ஓரத்திலிருந்து பார்த்தோம். வெள்ளைத் துணி விரிந்தது, சங்கு ஊதியது, கொட்டு முழங்கியது, நாலாம் தடத்தில் கால் வைத்தார்கள். அதன் பிறகு அந்தத் துணி அங்கேயே தெரிந்தது. காலையில் பார்த்தாலும் அங்கேதான், மாலையில் பார்த்தாலும் அங்கேதான், பஸ்ஸும் லாரியும் காய்கறி வண்டியும் அதை மறைத்து மறைத்துக் காட்டின.

வீட்டில் பலவேசம் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டி ராத்திரி பகலாக முனகிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு இருப்பதே ஒரு தெருதான், ஆகவே ஊரிலேயே அடுப்பு எரியவில்லை. முதலில் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்கள் வாளியில் சாம்பார் சாதம் கொண்டுவந்தார்கள், வாளி வரவரச் சிறிதாகி நின்றுபோனது. பிறகு அவல் நனைத்துத் தின்றோம், வாழைப்பழம் தின்றோம், பிள்ளைகளுக்கு வயிறு ஊதியது. வாழைத்தோட்டம் தெருவில் சேராதே என்று ஒருவர் யோசனை சொன்னார், தோட்டத்துக்குள் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சினோம், அது ஒரு மாதிரி ஓடியது. மலைச்சி மட்டும் அந்தக் கஞ்சியைத் தொடவில்லை, அவல்தான்.

மகனுடைய போனை அவள் தினமும் சார்ஜ் போட்டு வைத்தாள். அவன் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, எப்போது வருவான் என்று கேட்டார்கள். "வந்துகிட்டே இருக்கான் சார்" என்றாள். அடுத்த வாரம் கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னாள், அதில் பொய் ஒன்றும் இல்லை.

மார்கழி பாதியில் சங்குச் சத்தம் நின்றது. மலைச்சி ரோட்டோரத்தில் நின்று காதைக் கொடுத்தாள், லாரிச் சத்தம் ஓய்கிற இடைவெளியில் கொட்டு மட்டும் கேட்டது. சில நாளில் கொட்டும் நின்றது. வெள்ளைத் துணி மட்டும் இருந்தது, அதுவும் நாலு முனையில் விறைப்பாக இல்லாமல் ஒரு பக்கம் தொங்கிப்போய் இருந்தது.

பலவேசத்தின் தம்பி கொம்பையா அவளிடம் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், பிணத்தோடு ஒரு பங்காளி இருக்க வேண்டும் என்று நீர்மாலைக்குப் போகாமல் நின்றவர், அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருந்தன, அவளிடம் பேசச் சொல்லி ஊர் அவரைத்தான் தள்ளியது.

"மைனி, தை பொறக்கப் போவுது. பொங்கப்பானை வைக்க ஊர்ல அடுப்பு இல்ல. கொழாயில வாரதும் ஆத்துத் தண்ணிதானே, அதை ஊத்தித் தூக்கிருவோம். சுடுகாட்டுக்குப் போக முடியாட்டா தோட்டத்துக்குப் பின்னால வச்சிக்கிடலாம். அண்ணனை இப்படிப் போட்டு வச்சிருக்கது எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?"

"நான் தண்ணிக்கா காத்துக்கிடக்கேன், கொழுந்தனாரே?" என்றாள் மலைச்சி. "எம்புள்ள அவன் அப்பனைக் குளிப்பாட்டத்தான் நடந்து வாரான். அவுகளை இங்க எரிச்சிட்டோம்னு வைங்க, போற வாற யாராவது அவன்ட்ட சொல்லிருவாவ. சொன்ன எடத்துல அவன் கால் நின்னுரும். நம்பிராசன் நின்னாப்ல நின்னுருவான். அவுக கெடக்குதவரைக்கும்தான் அவன் வருவான்."

கொம்பையா எழுந்து தோட்டத்துக்குப் போய், காத்திருந்த எங்களிடம் அதை அப்படியே சொன்னார். அவளுக்குப் புருஷன் போய்விட்டான், அது முடிந்த கதை, மகனைச் சாலையிடம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக அவள் செத்துப்போன புருஷனைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். வேறொருத்தி என்றால் நாங்களும் திட்டியிருப்போம். பசியோடு திட்டினோம்தான், ஆனால் அவள் காதில் விழாமல் திட்டினோம்.

பிறகு ஐஸ் பெட்டிக்காரர் வந்தார், வேறு ஊரில் ஒரு வீட்டில் பெட்டி கேட்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. முனகல் நின்றது. அந்த அமைதியில் மலைச்சி இத்தனை நாளாக இல்லை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த வாடை வீடு முழுக்க வந்தது. அவள் பெட்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்து, "என்னை மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று அழுதாள், அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதது.

அழுது முடித்து ரோட்டோரம் வந்து நின்றாள். வெள்ளைத் துணி அதே இடத்தில் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பி வந்து கொம்பையாவிடம், "பாடையைக் கெட்டச் சொல்லுங்க" என்றாள்.

"கொழாய்த் தண்ணி..."

"ஒரு தண்ணியும் வேண்டாம். குளிக்காமலே போகட்டும். தண்ணி இங்க வரலைன்னா அவுக தண்ணிகிட்டப் போவாவ."

பாடை கட்டினார்கள். தூக்க நாலு பேர், கொம்பையா முன்னால். மலைச்சி ஒரு மூட்டையில் அரிசியும் ஒரு சட்டியும் தீப்பெட்டியும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். எங்கள் ஊரில் பெண்கள் தெரு முனையோடு நின்றுவிடுவார்கள். கொம்பையா திரும்பிப் பார்த்து, "சுடுகாட்டுக்குப் பொம்பள வரப்படாது மைனி" என்றார்.

"சுடுகாட்டுக்கு யாரு வந்தா? நான் ரோட்டுல பாதி வரைக்கும்தான் வாரேன்."

நடந்தார்கள். சாலைக்குள் போன பிறகு அது சாலை மாதிரி இருக்காது, தார் விரிந்த பொட்டல், தடம் பிரிக்கிற வெள்ளைக் கோடு ஒவ்வொன்றும் ஒரு வயல் வரப்பு நீளம், ஒரு கோட்டின் தலையிலிருந்து கால் வரைக்கும் நடந்து முடிக்க வெயில் ஏறிவிடும். வண்டிகள் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போயின, பாடையைப் பார்த்து ஹாரன் அடித்து ஒதுங்கின, அவற்றின் காற்றில் பாடையில் கட்டிய சரம் ஆடியது, ஒரு லாரிக்காரன் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான், அவனுக்கு அது வழியில் கண்ட ஒரு சாவு. தூக்கியவர்கள் தோள் மாற்றினார்கள், மாற்றினார்கள், மாற்றுவதற்குத் தோள் இல்லாமல் இறக்கி வைத்து உட்கார்ந்தார்கள். மலைச்சி முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டே, "இன்னுங் கொஞ்சந்தான், உங்க புள்ள எதுக்க வாரான், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று பிணத்திடம் பேசினாள். பொறுத்துக்கொள்ள வேண்டியது அவர் இல்லை, அது அவளுக்கும் தெரியும்.

எத்தனையோ பொழுது விடிந்து சாய்ந்து அரளிச் செடிகள் தெரிந்தன. நம்பிராசன் டீக்கடையிலிருந்து எழுந்து வந்து தலைத்துண்டை எடுத்தார். அவர் பெஞ்சில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சங்கு கிடந்தது. நீர்மாலைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் தாகம் பொறுக்காமல் தங்கள் குடத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டார்கள், குடித்ததும் கொண்டுபோக ஒன்றும் இல்லாமல் அவர்கள் சோலி தீர்ந்துவிட்டது. அரளிகளுக்குத் தண்ணீர் ஊற்ற லாரி வரும், மறுபடி தாகம் எடுத்து அந்தத் தண்ணீருக்காக இங்கே வரைக்கும் நடந்து வந்தார்கள், அதைக் குடித்து இங்கேயே இருந்துகொள்கிறார்கள் என்றார் நம்பிராசன்.

"எம்புள்ளையும் குடிச்சிட்டானா?"

"தெரியாதும்மா. அவனை மட்டும் இன்னும் காணோம்."

கொஞ்ச நேரத்தில் அரளிக் கிளைகளை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் வந்தான். தாடி நெஞ்சு வரைக்கும் இருந்தது. உதடு வெடித்திருந்தது. பிடிக்க ஆள் இல்லாததால் வெள்ளைத் துணியைத் தன் தலையிலும் தோளில் இருந்த குடத்தின் மேலுமாகச் சுற்றிக் கட்டியிருந்தான். மலைச்சிக்கு முதலில் ஆள் தெரியவில்லை, குடத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்துத்தான் தெரிந்தது, அது பலவேசம் மண்வெட்டி பிடிக்கிற கை.

"எம்மா," என்றான் அவன், குரல் காற்றாக வந்தது, "நீ ஏன் இங்க வந்த? நான்தான் வந்துகிட்டே இருக்கேன்லா."

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். குடம் ஆடிவிடாமல் கட்டிக்கொண்டாள். தேங்காயை எடுத்துப் பார்த்தால் அடியில் ஒரு கை தண்ணீர் இருந்தது, மற்றதை எல்லாம் வெயில் குடித்திருந்தது. அது போதும் என்றாள் மலைச்சி. அரளி நிழலில் பாடையை இறக்கி, அந்த ஒரு கைத் தண்ணீரை மகன் அப்பனுடைய நெற்றியிலும் கண்ணிலும் வாயிலும் விட்டான், மிச்சத்தை நெஞ்சில் தடவினான், சங்குக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அழுதுகொண்டே ஊதினார். இரண்டு பக்கமும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

அதோடு நீர்மாலை முடிந்தது. சொரிமுத்து காலை எடுத்து வைத்துப் பார்த்தான், ஊர்ப் பக்கம் நகரவில்லை. ஆற்றுப் பக்கம் நகர்ந்தது. கொள்ளி வைக்க வேண்டியது அவன்தானே, அந்தச் சோலி பாக்கி இருந்தது. பாடையின் முன்பக்கம் கொம்பையாவோடு தோள் கொடுத்தான்.

அப்போதுதான் மலைச்சிக்கு அது உறைத்தது. கொள்ளி வைத்த பிறகு அவனுக்கு இந்தப் பக்கம் வர என்ன சோலி இருக்கிறது? அம்மாவைப் பார்ப்பது ஒரு சோலியா? இதோ பார்த்தாகிவிட்டது. மற்ற நாலு பேருக்கும் வீட்டில் பிள்ளைகளின் பசி இருந்தது, அது தீராத சோலி, அவர்கள் எப்படியாவது வருவார்கள். இவனுக்கு? அவள் ஓடிப்போய்க் கீழே கிடந்த வெறுங்குடத்தை எடுத்து மகன் கையில் திணித்தாள்.

"கொள்ளி வச்சிட்டு வரும்போது ஒரு கொடம் தண்ணி மோந்துட்டு வா."

"யாருக்கும்மா?"

"எனக்கு."

"குடிக்கவா?"

"இல்ல. என்னைக் குளிப்பாட்ட. நான் சாகும்போது வேணும்லா. அப்பாவுக்குக் கொண்டு வந்தாப்ல எனக்கும் கொண்டா."

"ஏம்மா இப்படிப் பேசுத?"

"எனக்கு நீதானடா கொண்டுவரணும், வேற யாரு இருக்கா? நான் வீட்டுக்குப் போவல. இங்கனயே இருக்கேன், உனக்குப் பாதித் தூரம் மிச்சம். பிந்தினாப் பரவால்ல. மறந்துராத."

அவன் அவளைப் பார்த்தான். அழவில்லை, அழுவதற்கு அவன் உடம்பில் நீர் இல்லை. "கொண்டாரேம்மா" என்றான். பாடை கிளம்பியது, மூன்றாம் தடத்தின் கோடுகளைத் தாண்டித் தாண்டிச் சிறிதாகியது, அவன் இடுப்பில் குடம் மின்னிக்கொண்டே போனது.

பிணம் போன பிறகு அடுப்பு எரியலாம். மலைச்சி மூன்று கல்லைக் கூட்டி, காய்ந்த அரளிச் சுள்ளியைத் தள்ளிவிட்டு, அரளியில் சமைத்தால் விஷம் என்று நம்பிராசன் கொடுத்த விறகை வைத்துப் பற்ற வைத்தாள். அந்தப் புகையை இந்த ஓரத்திலிருந்து பார்த்த பிறகுதான் நாங்கள் எங்கள் வீடுகளில் அடுப்பு மூட்டினோம், பொங்கல் தாண்டிப் பல நாள் ஆகியிருந்தது, பானையைச் சும்மா வைத்தோம்.

மாசி வாக்கில் ஆற்றங்கரைக் கொட்டகையில் புகை எழுந்தது. கொம்பையாவும் மற்ற மூன்று பேரும் கோடை முடிவதற்குள் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள், சொரிமுத்து தண்ணீர் மோந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள், குடம் கனமாக இருந்ததால் பின்தங்கிவிட்டான் என்றார்கள். நாலாம் தடத்தில் வெள்ளையாக ஒன்று தெரிகிறது. துணி என்று சிலர் சொல்கிறார்கள், கோடு என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் அதைப் பற்றிச் சண்டை போடுவதில்லை.

கடக்கிறவர்களுக்கெல்லாம் மலைச்சி கஞ்சி ஊற்றுகிறாள், நானும் ஒரு தடவை குடித்திருக்கிறேன். அவளுக்கு நல்ல வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது, போன மழைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது, அரளிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த டிரைவர் பயந்துபோய், "ஏறும்மா, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன், படுத்துக்கிட்டே செத்துரப் போற" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவள் கையை உருவிக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாளாம்.

"இப்பம் எப்படிச் சாவ முடியும்?" என்றாளாம். "தண்ணி வரட்டும்."